போக்குகள் நிலையத்துக்கு ஒரு முகம் தேவை

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பணிப்பாளர் தூரிட் அம்மையார் முகம் வெளிறிப்போய் அலுவலகத்துக்குள் வந்தார். மேலங்கியைக் கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்தார்.

"விழுந்துவிட்டது," என்றார்.

ஒஸ்லோவில் மாசி மாதத்தில் விழாதவர் கிடையாது. நடைபாதை முழுக்கக் கண்ணாடிபோலப் பனிக்கட்டி. நான் பதறி எழுந்தேன். "யார் விழுந்தது? உங்கள் அம்மாவா?"

"அம்மா நன்றாக இருக்கிறார். கோடு விழுந்துவிட்டது, கிளின்ரன்."

கோடு என்றால் எங்கள் கோடு. நான் வேலை பார்ப்பது வன்செயல் போக்குகள் நிலையத்தில். உலகத்தில் எங்கெங்கே யார் குண்டு வைக்கிறார்கள், யார் சனத்துக்குள் வாகனத்தை விடுகிறார்கள், அதில் எத்தனை உயிர் போகிறது என்று வருடம் முழுவதும் எண்ணி, வருட முடிவில் அதை ஒரு கோடாக வரைந்து அமைச்சுக்குச் சமர்ப்பிப்பது எங்கள் திருப்பணி. கோடு ஏறினால் அமைச்சர் கவலைப்படுவார். எங்களைக் கூப்பிட்டுக் கோப்பி தந்து கதைப்பார். தூரிட் அம்மையார் தொலைக்காட்சியில் வருவார். கோடு இறங்கினால், "நல்லது" என்று ஒரு சொல்லோடு அடுத்த அலுவலுக்குப் போய்விடுவார். ஆகவே உலகத்தில் மனிதர் குறைவாகச் செத்த வருடங்கள் எல்லாம் எங்களுக்குப் பொல்லாத வருடங்கள்.

நான் அங்கே மூத்த ஆலோசகர். மூத்த என்பது என் தலைமயிரைப் பற்றியது. ஆலோசனையை இதுவரை யாரும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதில் வந்து, ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் வளர்ந்து, குரோருட்டிலேயே குடும்பமாகி இருக்கிறேன். குண்டுக்குப் பயந்து ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை குண்டை எண்ணிச் சம்பளம் எடுக்கிறானே என்று ஊர்ச்சனம் சிரிப்பதுண்டு. வேலை விண்ணப்பத்தில் நான் அதைத் 'துறைசார் அனுபவம்' என்று எழுதியிருந்தேன்.

அன்று மத்தியானமே அவசரக் கூட்டம். எங்கள் தொடர்பாடல் ஆலோசகர் ஹோக்கோன் அப்போதுதான் ஏதோ பயிற்சிநெறி முடித்து வந்திருந்தான்.

"எண்ணிக்கை பழைய நாகரிகம்," என்றான் அவன். "இப்போது முகம்தான். போன மாதம் மீன்பிடி பற்றி ஒரு காலையுணவுக் கருத்தரங்கு நடந்தது. ஒரு மீனவரைக் கொண்டுவந்து மேடையில் அழவைத்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் மீன்தான். கோடு இறங்கினாலும் பரவாயில்லை. முகம் இருந்தால் போதும்."

"நல்லது. எங்களிடம் முகம் இருக்கிறதா?" என்று தூரிட் அம்மையார் கேட்டார்.

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மண்ணிறமான ஆள் அந்தத் தளத்தில் நான் ஒருவன்தான். மானம் உள்ள மனிதனுக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்கும். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருடங்களில் முதல்தடவையாக என்னிடம் ஓர் ஆலோசனை கேட்கப்படுகிறது.

"என்னிடம் ஓர் அக்கா இருக்கிறார்," என்றேன்.

மரியரஞ்சனி அக்கா என் பெரியம்மாவின் மகள். ட்வெய்ட்டாவில் கடைத்தொகுதிக்குள் இருக்கும் மருந்துக்கடைக்குப் பொறுப்பாளர். எந்த விடயத்தையும் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்வதுபோலச் சுருக்கமாகத்தான் கதைப்பார். வலது கை தோளுக்கு மேலே தூக்க ஏலாது. மேல்தட்டில் உள்ள மருந்தை எடுக்க எப்போதும் யாரையாவது கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் காரணம் தெரியும். நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அவர் பத்தொன்பது வயதில் கொழும்புக்குப் பயணப்பட்டு வந்தபோது வவுனியாவுக்குக் கிட்ட பஸ்ஸில் குண்டு வெடித்தது. துணைக்கு வந்தவர் பூமணி. எங்கள் தாய்மாருக்குக் கடைசித் தங்கை. நாங்கள் குஞ்சம்மா என்று கூப்பிடுவோம். அக்கா ஒரு ஆசுப்பத்திரிக்கும் குஞ்சம்மா இன்னொரு ஆசுப்பத்திரிக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். மாதக்கணக்காகக் குஞ்சம்மா காய்ச்சலில் கிடந்து, இடம் மாற்றி இடம் மாற்றி, கடைசியில் செத்துப்போய்விட்டா என்ற செய்தி மட்டும் வாய்வழியாக வந்தது. எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. உடலும் வரவில்லை. அந்தக் காலத்தில் நான் குரோருட் பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்குப் பழகிக்கொண்டிருந்தேன்.

கடையின் பின்னறையில் வைத்து விடயத்தைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடையிலை ஏறி என்ன சொல்லவேணும்?"

"நடந்ததை அக்கா. மனிதப் பாதிப்பை."

"அப்ப குஞ்சம்மாவின்ரை பேரைச் சொல்லலாமோ?"

"தாராளமாச் சொல்லலாம்."

அக்கா கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். பிறகு சொன்னார்: "இஞ்சை அந்தத் தீவிலை ஒருத்தன் சுட்டுச் செத்த பிள்ளையளின்ரை பேரை ஒவ்வொரு யூலையும் ஒவ்வொண்டா வாசிக்கினமெல்லே. நான் வருசா வருசம் ரிவியிலை கடைசிப் பேர் வரைக்கும் இருந்து கேக்கிறனான். குஞ்சம்மாவின்ரை பேரை ஒருத்தரும் ஓரிடத்திலையும் வாசிக்கேல்லை. அரசாங்கமும் வாசிக்கேல்லை, எங்கடை ஆக்களும் வாசிக்கேல்லை. ஒருக்கா ஒலிவாங்கியிலை சொன்னாக் காணும். வாறன்."

"ஓம் அக்கா, நான் பொறுப்பு," என்றேன். பொறுப்பு என்பது எங்கள் அலுவலகத்தில் தாராளமாகக் கிடைக்கும் பொருள்.

ஆனால் முகம் ஒன்றை மேடையேற்றுமுன், எது பயங்கரவாதம் எது இல்லை என்று முடிவுசெய்யும் வரையறைக் குழுவில் அது தேறவேண்டும். தூரிட் அம்மையார் தலைவர், ஒரு சட்டத்தரணி உறுப்பினர், நான் செயலாளர்.

"முதலில் ஒரு சம்பிரதாயக் கேள்வி," என்றார் சட்டத்தரணி. "இறந்ததாகக் கூறப்படும் பெண் குழுவில் யாருக்காவது உறவா? உறவென்றால் அவர் வெளியே போகவேண்டும்."

வெளியே போனால் என் ஆலோசனையும் வெளியே போய்விடும். "தூரத்து வழி," என்றேன். நடக்கப் பழகும் வரைக்கும் என்னை இடுப்பிலிருந்து இறக்காத மனுசியைப் பற்றித்தான் சொன்னேன்.

"நல்லது. குண்டு வைத்தது யார்?"

"தெரியாது. இரண்டு தரப்பும் மற்றத் தரப்பு என்கிறது."

"வைத்தவர் தெரியாவிட்டால் நோக்கம் தெரியாது. நோக்கம் தெரியாவிட்டால் பயங்கரவாதம் என்று எப்படிச் சொல்வது?" என்றார் தூரிட் அம்மையார், உண்மையான வருத்தத்தோடு. "அங்கே போர் நடந்ததல்லவா? இது மேல்தளத்து விடயமாக இருக்கலாம்."

எங்களுக்கு மேல்தளத்தில் ஆயுத மோதல் பிரிவு இருக்கிறது. போரில் செத்தவர்கள் அவர்களுடையவர்கள். நான் படியேறினேன். அங்கே இருந்த அதிகாரி மிகவும் அன்பான மனிதர். கேக் தந்தார்.

"அன்று அந்த இடத்தில் சண்டை நடந்ததா?"

"இல்லை. பஸ் போய்க்கொண்டிருந்தது."

"பஸ்ஸில் போராளிகள் இருந்தார்களா?"

"தேங்காய் மூட்டை இருந்ததாம். சனம் இருந்ததாம்."

"அப்படியானால் போரில்லை. கீழ்த்தளம்," என்றார்.

நான் இறங்கினேன். கீழ்த்தளம் மேலே அனுப்பியது. அந்தக் கிழமை முழுக்கக் குஞ்சம்மாவைத் தூக்கிக்கொண்டு நான் படி ஏறி இறங்கினேன். ஒருகாலத்தில் அவர் என்னைத் தூக்கிய கடன் அந்த விதத்தில் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

கடைசியில் சட்டத்தரணிதான் பிரச்சினையின் வேரைக் கண்டுபிடித்தார். "இறந்த திகதி எங்கே?"

"தெரியாது. செய்தி மட்டும்தான் வந்தது."

"திகதி இல்லாமல் ஒரு மரணத்தை எந்த வருடத்தில் சேர்ப்பது? எங்கள் விதிப்படி அவர் இறந்தவராகக் கருதப்படமாட்டார்."

கூட்டக் குறிப்பில் நான் என் கையாலேயே எழுதினேன்: மேற்படி நபர் இறந்தவராகக் கருதப்படமாட்டார். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.

அழைப்பிதழ் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. ஆகவே ஒரு சமரசம் காணப்பட்டது. முகம் வரலாம், சம்பவம் வரக்கூடாது. அக்கா பாதிப்பைப் பற்றிப் பொதுவாகக் கதைக்கலாம். ஆனால் இடம், காலம், பஸ், குண்டு, குஞ்சம்மா ஆகியவற்றைத் தவிர்த்துக்கொள்ளவேண்டும். "உணர்வுகள் இருக்கலாம். உணர்வுகளுக்குத் தடையில்லை," என்றான் ஹோக்கோன். "அப்புறம், அவருடைய சொந்த உடையில் வரச்சொல்லு. நிறம் நிறமாக இருக்குமே, அது."

"நிச்சயமாக," என்றேன்.

இதற்குள் செய்தி குரோருட்டுக்கு எட்டிவிட்டது. எங்கள் பகுதிச் சங்கத்துத் தலைவர் யோகராசா அண்ணர் சனிக்கிழமை வீடுதேடி வந்தார். தேத்தண்ணி வருமுன்னமே விடயத்துக்கு வந்தார்.

"தம்பி, மரியரஞ்சனி பேசப்போறாவாம். நல்ல விசயம். ஆர் குண்டு வைச்சது எண்டு சொல்லுவா?"

"தெரியாது எண்டுதான் சொல்லுவா அண்ணர். அவவுக்குத் தெரியாதே."

"தெரியாது எண்டு சொல்லக்கூடாது. வெள்ளைக்காரன் முன்னாலை தெரியாது எண்டு சொன்னா அவன் எங்களைத்தான் யோசிப்பான். மற்றப் பக்கம்தான் வைச்சது எண்டு சொல்லச் சொல்லும்."

"அவ கண்ணாலை காணேல்லையே."

"காணாட்டி அந்த இடத்தை விட்டிட்டு மிச்சத்தைச் சொல்லட்டும். பூமணியின்ரை கதையை இப்ப எடுக்கத் தேவையில்லை. எங்கடை நினைவுநாளிலையே நாங்கள் அந்தப் பிள்ளையைச் சேர்க்கேல்லை, தெரியுமே? எந்தப் பக்கத்திலை சேர்க்கிறது எண்டு தெரியாமல்தான்."

யோகராசா அண்ணரின் வரையறைக்கும் தூரிட் அம்மையாரின் வரையறைக்கும் ஒரு முடி அளவு வித்தியாசமும் இல்லை என்பதை நான் வியப்போடு கவனித்தேன். அவர் ஒஸ்லோவில் ராக்சி ஓட்டி வீணாய்ப்போகிறார். எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தால் இந்நேரம் பிரிவுத் தலைவர்.

"சரி அண்ணர், சொல்லுறன்," என்றேன்.

இப்படியாக அக்காவிடம் சொல்லலாம் என்றும், நிலையத்திடம் சொல்லமாட்டார் என்றும், சங்கத்திடம் மாற்றிச் சொல்லுவார் என்றும் உறுதியளித்துவிட்டு, கருத்தரங்கு வரைக்கும் நான் நிம்மதியாக இருந்தேன். அக்காவுக்கு நிபந்தனைகளைச் சொல்ல மூன்றுதரம் ட்வெய்ட்டாவுக்குப் போனேன். முதல்தரம் கடையில் சனம். இரண்டாந்தரம் இருமல் மருந்து வாங்கினேன். மூன்றாந்தரம் அக்கா, "பேசவேண்டியதை எழுதிப் பாடமாக்கிப்போட்டன், கேக்கிறியா?" என்றார். முகத்தில் ஒரு சந்தோசம். "வேண்டாம் அக்கா, அங்கை கேக்கிறன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கருத்தரங்கு மண்டபத்தில் மொறுமொறு ரொட்டி, மண்ணிறச் சீஸ், கோப்பி. அமைச்சிலிருந்து ஓர் உயரதிகாரி. முன்வரிசையில் யோகராசா அண்ணர் கோட் சூட்டோடு. அக்கா சாம்பல் நிற மேலங்கியும் சப்பாத்துமாக வந்தார். ஹோக்கோன் என் காதுக்குள், "சேலை எங்கே?" என்று கேட்டான். நான் கோப்பி ஊற்றப் போய்விட்டேன்.

தூரிட் அம்மையார் முதலில் கோட்டைக் காட்டினார். கோடு இறங்கியிருப்பது ஆறுதலளிப்பதாக, யாரோ செத்த வீட்டில் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு மென்மையான குரலில் கேட்டார்.

"அது உங்களுக்கு எப்படி இருந்தது?"

"எது?" என்றார் அக்கா.

"அது... நடந்தது."

"எது நடந்தது?"

தூரிட் அம்மையார் என்னைப் பார்த்தார். நான் சீஸைப் பார்த்தேன். அவருக்கும் பஸ்ஸைச் சொல்ல அனுமதியில்லை. அவரே போட்ட விதி.

"பொதுவாக," என்றார் அவர்.

"பொதுவாக எனக்கு ஒன்றும் நடக்கவில்லை," என்று அக்கா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "எனக்கு நடந்தது ஒரு பஸ்ஸில். என்னோடு வந்தவர் பெயர் பூமணி."

அவர் நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தார். மருந்தை எத்தனை தரம் எடுக்கவேண்டும் என்று சொல்லும் அதே குரல். பூமணிக்குப் பஸ் ஒத்துவராது. மணந்து பார்க்கத் தேசிக்காய் கொண்டுவருவார். சன்னல்கரை தனக்குத்தான் வேண்டும் என்று சண்டைபிடித்து அதில் இருந்தார். மூட்டையைக் கூரையில் போட்டதற்குக் கொண்டக்டரை ஏசிக்கொண்டே வந்தார். சட்டை தைப்பார், தனக்குத் தைப்பது மட்டும் எப்போதும் இறுக்கமாகிவிடும் என்று சிரிப்பார். நெளிவான தலைமயிர். கலியாணம் பேசி வந்தவர்களில் ஒருவரையும் பிடிக்கவில்லை. குண்டு சன்னல்பக்கம் வெடித்தது. "நான் இந்தப் பக்கம் இருந்தேன். எனக்குக் கைமட்டும்," என்றார்.

பிறகு இரண்டு கைகள் ஒன்றாக உயர்ந்தன. ஒன்று அமைச்சு உயரதிகாரியுடையது. மற்றது யோகராசா அண்ணருடையது. இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"குண்டு வைத்தது யார்?"

அக்கா இருவரையும் பார்த்தார். "அன்றிலிருந்து இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். செத்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் வந்தேன்."

உயரதிகாரி நல்ல மனிதர். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்கவேண்டும். பூமணிக்கு இங்கே வேறு சொந்தக்காரர் இருக்கிறார்களா?"

"இருக்கிறான்," என்று அக்கா ஊனமில்லாத கையால் கோப்பி மேசையைக் காட்டினார். "அங்கே நிற்கிறான். அவனைத்தான் அவர் வளர்த்தார்."

முழு மண்டபமும் திரும்பியது. சட்டத்தரணியும் திரும்பினார். ஹோக்கோன் ஓடிவந்து இன்னொரு ஒலிவாங்கியை என் வாயடியில் நீட்டினான். குஞ்சம்மா என்னை இடுப்பில் வைத்து, வேலியில் கத்தரிப்பூ நிறச் சங்குப்பூ பறித்துத் தந்தது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவ்வளவு வருடப் பழக்கத்தில் வாய் தன்பாட்டில் வேறொன்றைச் சொன்னது.

"மேற்படி நபர் தொடர்பாக நிலையத்திடம் தற்போது போதிய தரவுகள் இல்லை."

சபை புரிந்துகொண்டு தலையசைத்தது. அக்கா மேலங்கியை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மெட்ரோவுக்கு நடந்தார்.

கருத்தரங்கு மாபெரும் வெற்றி. வரையறைக்குள் வராமல் போனவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு புதிய வகை உடனே உருவாக்கப்படவேண்டும் என்று உயரதிகாரி கேட்டுக்கொண்டார். 'காரணம் அறியப்படாத பாதிப்பாளர்' என்று அதற்குப் பெயரிட்டோம். சேர்த்துப் பார்த்தபோது கோடு ஏறிவிட்டது. தூரிட் அம்மையார் என்னைக் கட்டிப்பிடித்தார். மேல்தளத்திலிருந்துகூடக் கேக் சாப்பிட வந்தார்கள். உறவை மறைத்ததற்கு எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும், புதிய வகைக்குப் பொறுப்பாளர் பதவியும் ஒரே உறையில் வந்தன.

நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பல நாளுக்குப் பிறகு எடுத்தார்.

"அக்கா, குஞ்சம்மாவாலை ஒரு வகையே உருவாகியிருக்கு!"

"அதுக்குள்ளை அவ இருக்கிறாவோ?"

நான் இருமினேன். புதிய வகை சென்ற ஆண்டுக் கணக்கிலிருந்துதான் நடைமுறைக்கு வருகிறது, அதற்குப் பின்னோக்கிப் போகாது. அந்த வசனத்தை எழுதியவனும் நான்தான்.

"இல்லை அக்கா."

"சரி," என்றார். "ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வா. சுவாமியாரைக் கொண்டு வாசிப்பிப்பம். ஆண்டவருக்கு வரையறைக் குழு இல்லைத்தானே."

தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் துஷ்யா என்ற பிள்ளை தட்டுக் கணினியோடு நின்றாள். நோர்வேயில் பிறந்தவள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்.

"இறந்தவையின்ரை மன்றாட்டோ அன்ரி? பேர்?"

"பூமணி."

"டோட்ஸ்டாட்டோ?"

"என்ன?"

"செத்த திகதி அன்ரி. அது போடாட்டி இது அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"திகதி தெரியாது பிள்ளை."

"அண்ணளவா ஒண்டு போடுவமோ?"

"அண்ணளவாச் சாகேல்லை அவ," என்றார் அக்கா.

துஷ்யாவின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கணினி விடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. நான் அனுபவசாலி என்ற முறையில், "விதிப்படி பார்த்தால்..." என்று தொடங்கினேன். அக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"அதிலை வேற என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"நோயாளிகளுக்கான மன்றாட்டு இருக்கு. அதுக்குப் பேர் மட்டும் காணும்."

அக்கா யோசித்தார். "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனதுதான் எங்களுக்குச் சரியாத் தெரிஞ்ச கடைசி விசயம். அதிலை போடு."

அப்படித்தான் அன்றைய பூசையில் சுவாமியார் கணீரென்று வாசித்தார்: "ஆசுப்பத்திரியில் இருக்கும் பூமணி விரைவில் குணமடைந்து வீடு திரும்பவேண்டுமென்று மன்றாடுவோமாக." கோயில் நிறைந்த சனம் ஒரே குரலில் மன்றாடியது. அக்கா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

பூசை முடிந்து வெளியே வர, படியில் சனம் எங்களைச் சூழ்ந்துகொண்டது.

"ஆர் பூமணி? உங்களுக்கு என்ன முறை?"

"எந்த வாட்டிலை வைச்சிருக்கினம்?"

"சூப் காய்ச்சிக் குடுத்துவிடட்டே? என்ன சாப்பிட விருப்பம் அவவுக்கு?"

மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வரும் ஓர் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத மனுசி. கண்ணில் தண்ணீர்.

"எங்கடை அம்மாவின்ரை கடைசித் தங்கச்சி அன்ரி," என்றேன். "குஞ்சம்மா. என்னை வளத்தவ."

"ஐயோ. இப்ப எப்பிடி இருக்கிறா?"

"மாற்றம் இல்லை."

"நீர் போய்ப் பாத்தனீரே?"

"இன்னும் இல்லை அன்ரி."

அவர் என் கையை விட்டார். சுற்றி நின்ற சனத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"கேட்டியளே? வளத்த மனுசி இவ்வளவு நாளா ஆசுப்பத்திரியிலை கிடக்குது. ஐயாவுக்குப் போய்ப் பாக்க நேரமில்லையாம். கந்தோரிலை பெரிய வேலையாக்கும்!"

"ஓம் அன்ரி," என்றேன். "பெரிய வேலை."